விருந்தாளியை மட்டும் நம்பிப் பிழைக்காத தீவு

கடல் தாண்டிக் கணக்கு – 11

மத்தியதரைக் கடல் தீவுக்குப் போகலாம் என்று முடிவெடுத்ததும் நம்மவர்கள் முதலில் விலை விசாரிப்பது கிரேக்கத்தின் சாண்டோரினிக்குத்தான். வெள்ளை வீடு, நீலக் குவிமாடம், பின்னால் சூரியன் இறங்கும் கடல். அந்த ஒரு படத்துக்கு ஆகும் அறை வாடகையைக் கேட்டதும், 'இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது' என்று திட்டத்தையே மூட்டை கட்டிவிடுகிறார்கள். ஒரு தீவின் விலையைக் கடல் முழுவதற்கும் விலையாக எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது.

சாண்டோரினி 76 சதுர கிலோமீட்டர்தான். ஊர் மக்கள் ஏறக்குறைய பதினைந்தாயிரம் பேர். வந்து போகும் கூட்டம் லட்சக்கணக்கில். தின்பதில் தொடங்கிப் படுக்கை விரிப்பு வரை பெரும்பாலானவை கப்பலில் வந்து இறங்க வேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

அங்கிருந்து தெற்கே, அதிவேகப் படகில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கிரீட் தீவு. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளம். ஆறு லட்சத்துக்கும் அதிகமான மக்கள், எங்கு பார்த்தாலும் ஒலிவத் தோப்பு, மலையில் ஆட்டு மந்தை, பசுமைக் குடிலில் தக்காளி, மூன்று பல்கலைக்கழகங்கள். சுற்றுலா அங்கேயும் பெரிய வருமானம்தான். ஆனால் கடைசிப் பயணி கிளம்பிப் போன பிறகும் அங்கே நகரப் பேருந்து ஓடும், பேக்கரி திறக்கும், மாணவர்கள் மலிவு விலைக் கடையில் சாப்பிடுவார்கள். ஊர்க்காரர் காசு கொடுத்துச் சாப்பிடுகிற கடை இருக்கும் இடத்தில்தான் நமக்கும் நியாயமான விலை கிடைக்கும். தீவைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு அளவுகோல் போதும். சிசிலிக்கும் இது பொருந்தும்.

எந்த மாதம்?

ஜூலை, ஆகஸ்டைத் தொடவே வேண்டாம். வெயில் கொளுத்தும், 'மெல்டெமி' என்ற வடகாற்று வீசும், காற்று பலத்தால் படகுகளைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அதையொட்டி கிரேக்கர்கள் எல்லோரும் சொந்த ஊருக்கும் தீவுக்கும் கிளம்புவார்கள். கப்பலில் இடம் கிடைக்காது, அறை கிடைத்தாலும் விலை கிட்டே நெருங்க விடாது.

செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் பாதியும் நமக்கு ஏற்ற காலம். கோடை முழுவதும் சூடேறிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கோடைகாலப் பேருந்துகளும் நிற்பதில்லை, அறை வாடகையும் இறங்கத் தொடங்கியிருக்கும். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் ஏறக்குறைய இதே சமயம் என்பது குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கூடுதல் வசதி. இன்னொரு லாபமும் உண்டு. செப்டம்பரின் கடைசி சனி, ஞாயிறுகளில் கிரேக்க அரசின் அருங்காட்சியகங்களுக்கும் தொல்லியல் களங்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

கோடை விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்பவர்களுக்கு மே மாதம். மலையெங்கும் பூ, ஆனால் கடல் குளிரும். இரண்டு தேதிகளில் எச்சரிக்கை தேவை. மே 1 அன்று கப்பல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது வழக்கம். கிரேக்கர்களின் ஈஸ்டர் நம்மூர் ஈஸ்டரோடு எல்லா ஆண்டும் ஒத்துவராது. 2027-இல் அது மே 2; அந்த வாரம் நாடே பயணத்தில் இருக்கும்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி ஏதென்ஸ். அங்கிருந்து கிரீட்டுக்கு உள்நாட்டு விமானமும் உண்டு. பெட்டிக்குத் தனிக் கட்டணம் சேர்த்துப் பார்த்த பிறகே அது மலிவா என்று முடிவு செய்யுங்கள். நான் பரிந்துரைப்பது இரவுக் கப்பல்.

ஏதென்ஸ் விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறலாம். 2022 முதல் அந்த நீலத் தடம் மாறாமல் பிரேயஸ் துறைமுகம் வரை போகிறது. ஒரு மணி நேரப் பயணம், 9 யூரோ. நகருக்குள் செல்லும் சாதாரண டிக்கெட் விமான நிலையத்துக்குச் செல்லாது; அபராதம் பெரிது. பிரேயஸிலிருந்து இரவு ஒன்பது மணியையொட்டிக் கிளம்பும் பெரிய கப்பல்கள் விடியலில் ஹெராக்லியோனிலோ, ஹானியா ஊரின் துறைமுகமான சூடாவிலோ இறக்கிவிடும். பயணமும் முடிந்தது, ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். மேல்தள டிக்கெட்தான் மலிவு. பெரியவர்கள் உடன் வந்தால் கேபின் போடுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை, பத்து வயது வரை பெரும்பாலும் பாதிதான்.

ஹானியாவில் இறங்கி ஹெராக்லியோனில் கப்பல் ஏறும்படி திட்டம் போட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. திரும்பும்போது மட்டும், விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸ் வந்து சேருங்கள். காற்றோ வேலைநிறுத்தமோ கப்பலை நிறுத்தினால், ஊருக்குத் திரும்பும் டிக்கெட் வீணாகும்.

எங்கே தங்குவது?

கிரீட்டில் ரயில் கிடையாது. 'க்டெல்' என்னும் பச்சை நிறப் பேருந்துகள் வடகரை நகரங்களை இணைக்கின்றன. ஹெராக்லியோனிலிருந்து ஹானியா போக மூன்று மணி நேரத்துக்குள்தான். ஆகவே ஹானியாவில் நான்கைந்து இரவு, ஹெராக்லியோனில் இரண்டு மூன்று இரவு என்று இரண்டே இடத்தில் பெட்டியை இறக்குங்கள். பழைய துறைமுகத்தை ஒட்டிய அறைக்கு விலை அதிகம். பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் குறையும், காலையில் கிளம்புவதும் எளிது.

சிறு சமையலறை உள்ள 'ஸ்டூடியோ' அறைகள் கிரேக்கத் தீவுகளில் சாதாரணம். குடும்பத்துக்கு அதுவே சரி. ஒன்றை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு அரசு வசூலிக்கும் பருவநிலை வரி. 2025 நிலவரப்படி ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதிக்கு 2 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. இணையத்தில் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு 8. பல சமயம் இது முன்பதிவுத் தொகையில் சேராது. கவுன்டரில் தனியாகக் கேட்பார்கள்.

கார் எடுக்க நினைத்தால் இங்கேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிச் செல்லுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், மலைச்சாலைகள் குறுகல். டயருக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் காப்பீடு உண்டா என்று கேட்டபின் கையெழுத்திடுங்கள். பயணம் முழுவதற்கும் கார் வேண்டியதில்லை. ஓரிரு நாள் போதும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள்

பயப்பட வேண்டாம். கிரேக்கத் திருச்சபையில் நோன்பு நாட்கள் மிக அதிகம் என்பதால் இறைச்சி, பால், முட்டை இல்லாத சமையல் அங்கே வேரூன்றியிருக்கிறது. 'நிஸ்டீசிமோ' என்று கேட்டால் நோன்புச் சாப்பாட்டைக் காட்டுவார்கள். ஆனால் கணவாய், இறால் போன்றவை நோன்புக்கு விலக்கல்ல. அவையும் வேண்டாம் என்று தனியே சொல்லிவிடுங்கள். ஒலிவ எண்ணெயில் வதங்கிய காய்கறிகள், பெரிய வெள்ளை அவரைப் பருப்பு, வேகவைத்த காட்டுக்கீரை, கொண்டைக்கடலைச் சாறு எல்லாம் கிடைக்கும். பார்லி ரஸ்க்கின்மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த 'டாகோஸ்' கிரீட்டின் அடையாளம். அரிசி அடைத்த தக்காளியில் சில கடைகளில் கொத்துக்கறியும் கலப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ரொட்டி கேட்காமலே மேசைக்கு வரும், பில்லிலும் ஏறும். சாப்பிட்டு முடித்ததும் வரும் பழமும் 'ராக்கி' சாராயமும் பெரும்பாலும் உபசாரம், அதற்குக் காசில்லை. காலையில் பேக்கரி, இரவில் அறைச் சமையல், மதியம் ஒருவேளை கடைச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் சாப்பாட்டுச் செலவு கைக்குள் நிற்கும். ஹானியாவில் சனிக்கிழமை காலைச் சந்தை கூடும்; காய், பழம், தேன் அங்கே வாங்குங்கள்.

எதற்குச் செலவு செய்யலாம்?

க்னோசோஸ் அரண்மனைக்கு. தொல்லியலாளர் ஆர்தர் எவான்ஸ் 1900-இல் தோண்டத் தொடங்கிய இந்தப் பழங்கால மினோவன் நாகரிக நகரமும் மற்ற ஐந்து அரண்மனைக் களங்களும் 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. நுழைவுக் கட்டணம் அதே ஆண்டு 20 யூரோ ஆனது. போக டாக்ஸி வேண்டாம். ஹெராக்லியோனிலிருந்து 5 கிலோமீட்டர்தான், 2-ஆம் எண் நகரப் பேருந்து போகிறது.

கால் பலமுள்ளவர்களுக்கு சமாரியா பள்ளத்தாக்கு. ஹானியாவிலிருந்து காலைப் பேருந்தில் மலைமேல் ஏறி, 16 கிலோமீட்டர் இறங்கி நடந்தால் லிபியக் கடல். முடிகிற இடமான அகியா ரூமேலிக்குச் சாலையே இல்லை. படகில் அடுத்த ஊர் போய்ப் பேருந்து பிடிக்க வேண்டும். சுற்றுலா நிறுவனம் விற்கும் இதே பயணத்தைப் பொதுப் பேருந்தில் நீங்களே செய்துகொள்ளலாம். மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். மழை என்றால் மூடிவிடுவார்கள்.

கடற்கரைக்குக் காசு கொடுக்க வேண்டாம். கிரேக்கத்தில் கடலோரம் பொதுச் சொத்து. குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும்தான் வாடகை. 2023-இல் பாரோஸ் தீவு மக்கள், நாற்காலிகள் கரையை அடைத்துக்கொள்வதை எதிர்த்துத் துண்டோடு போராட்டத்தில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு அரசு விதிகளை இறுக்கியது. துண்டை விரித்து உட்கார உங்களுக்கும் உரிமை உண்டு.

விசா பற்றிச் சென்ற வாரம் விரிவாகப் பார்த்தோம். கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், செப்டம்பர் இறுதிப் பயணத்துக்கு ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்குங்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.

ஒரு வாரத்தில் நான்கு தீவு என்று விற்கும் பொட்டலத் திட்டத்தைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள். ஒவ்வொரு துறைமுக மாற்றமும் ஒரு டிக்கெட்டையும் அரை நாளையும் விழுங்கும். ஒரே பெரிய தீவு, இரண்டு ஊர், கூட்டம் குறைந்த மாதம். சிக்கனம் இந்த மூன்றுக்குள் அடக்கம்.

(அடுத்த வாரம்: ரயிலோடு கப்பலில் ஏறிக் கடக்கும் சிசிலி)