ராகி அடைக்குத் தூரத்துச் சொந்தம்

கடத்தூர்ப் பக்கம் கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிசைந்து, தோசைக்கல்லில் கையாலேயே தட்டினால் ராகி அடை. ஓரம் முறுகும் வாசனைக்கே பசி கிளம்பிவிடும்.

பீட்சா இதற்குத் தூரத்துச் சொந்தம்.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரில், 2023இல் ஒரு சுவரோவியம் வெளிப்பட்டது. வெள்ளித் தட்டில் பீட்சா போன்ற வட்ட ரொட்டி, மேலே பழங்கள், பக்கத்தில் மதுக்கிண்ணம். தக்காளியைத் தேட வேண்டாம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். ‘பீட்சா’ என்ற பெயர் மட்டும் முந்திக்கொண்டு, இத்தாலியின் காயெட்டா நகரத்து 997ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வந்துவிட்டது.

நம் அடையும் பழசுதான்: சங்க நூலான மதுரைக்காஞ்சியில் தேன்கூட்டைப் போன்ற மெல்லடை விற்பனைக்கு இருக்கிறது. இரவில், அதைச் சுட்டு விற்ற கூவியர் தூங்கி வழிகிறார்கள்.