இலவச விபிஎன்: நம் வீட்டு முகவரி யார் கையில்?

நாம் திறக்கும் ஒவ்வொரு இணையதளத்துக்கும் நம் வீட்டு இணைப்பின் ஐபி முகவரி தெரியும். விபிஎன் அதை மறைத்து வேறொரு முகவரியைக் காட்டும். பெரும்பாலும் அது ஒரு தரவு மையத்தின் முகவரி; பல தளங்கள் அதைக் கண்டுகொண்டு தடுத்துவிடும். அதனால்தான் 'ரெசிடென்ஷியல் ஐபி' எனப்படும் வீட்டு முகவரிகளுக்கு இவ்வளவு கிராக்கி.

ஆனால் அந்த வீடு யாருடையது?

2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற வலையமைப்பை முடக்கியது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் போன்ற இலவசச் செயலிகளை நிறுவியவர்களின் கணினிகள் அவர்கள் அறியாமலே அதில் சேர்க்கப்பட்டிருந்தன. 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 1.9 கோடிக்கும் அதிகமான ஐபி முகவரிகள் குற்றவாளிகளுக்கு விற்கப்பட்டன. மோசடி செய்தவன் எங்கோ இருப்பான். விசாரணையில் முதலில் தெரிவதோ அப்பாவியின் வீடு.

அனுமதியின்றிப் பிறர் வீட்டில் நுழைவதைத் திருக்குர்ஆன் (24:27) தடுக்கிறது. பிறர் இணைப்பில் அவர் அறியாமல் நுழைவதும் அத்தகையதே. நம் அந்தரங்கத்தைக் காக்க இன்னொருவரின் அமானிதத்தில் கை வைக்கலாகாது.

பிள்ளைகளின் கைபேசியிலும் கணினியிலும் இலவச விபிஎன் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்தரங்கம் பேண, நம்பகமான, கட்டணம் பெறும் சாதாரண விபிஎன்னே போதும். வீட்டு முகவரிதான் வேண்டுமென்றால், அவ்வீட்டாரின் சம்மதம் பெறப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக!