ஆளறிந்து கைகொடுக்கும் புரதம்

கொக்கிளாய்ப் பக்கமிருந்து உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்கள் கரையின் கறுத்த மணலுக்குள் அருமண் மூலகங்கள் இருக்கின்றனவாம். அவற்றைப் புரதத்தால் பிரித்தெடுக்கலாம் என்று வாசித்தேன். உண்மையா?" அரைப்பங்கு உண்மை, பிள்ளை. அந்த அரைப்பங்கு ஒரு மாதமாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

புல்மோட்டையில் தொடங்கிக் கொக்கிளாய், நாயாறு என்று வடக்கே நீளும் இந்தக் கரையில் இல்மனைட் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மணலுக்கென்று ஒரு கூட்டுத்தாபனமே 1957இல் தொடங்கப்பட்டது. அதோடு சிறிதளவு மொனசைட்டும் கலந்து கிடக்கிறது. சீரியம், இலந்தனம், நியோடிமியம், தோரியம் எல்லாம் அதற்குள்தான். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷொம்பேர்க் என்ற ஜெர்மானியர் மொனசைட்டைக் கண்டது 1909இல். அன்று அதைத் தேடியது விளக்குக்காக. சின்ன வயதில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்துபோகும்போது முன்னால் ஒருவர் பெற்றோமக்ஸ் தூக்கிவருவார். அதில் தொட்டால் உதிரும் வெள்ளை மென்டில், தோரியத்தோடு ஒரு துளி சீரியம் சேர்ந்த சாம்பல். மொனசைட் தந்த வெளிச்சத்தில்தான் அந்த வழியெல்லாம் நடந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலோ, ஆவர்த்தன அட்டவணையின் அடியில் ஒதுக்கி வைத்த அந்த வரிசையை ஆசிரியர் தாண்டிப் போய்விட்டார். இன்றும் தாண்டித்தான் போகிறார்கள்.

இந்த மூலகங்களைத் தோண்டுவதைவிட ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. களப்பில் வலை போடுகிறவருக்கு வலைக்கண்ணின் அளவு போதும். சின்னது தப்பும், பெரியது மாட்டும். இங்கே அது பலிக்காது. கல்சியம் அயனின் ஆரை ஏறத்தாழ 100 பிக்கோமீற்றர், நியோடிமியத்தினது 98. கண் ஒன்றுதான், மீன் வேறு. அருமண்களைத் தங்களுக்குள் பிரிப்பது இன்னும் கடினம். தொழிற்சாலைகளில் அமிலக் கரைசலையும், மண்ணெண்ணெயில் கரைத்த சேர்வைகளையும் திரும்பத் திரும்பக் கலக்கி, அடையவிட்டு, நூற்றுக்கணக்கான படிகளில் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கழிவுநீர் எங்காவது போய்ச் சேரத்தான் வேண்டும்.

இதை ஒரு பற்றீரியா சத்தமில்லாமல் செய்துவருகிறது. இலைகள் வெளிவிடும் மெதனோலைத் தின்று வாழும் இளஞ்சிவப்பு உயிர் அது. மெதனோலை எரிக்கும் அதன் நொதியங்களில் ஒன்றுக்கு அருமண் வேண்டும். அருமண்ணைப் பிடிக்க அது வைத்திருக்கும் புரதத்துக்கு இலான்மொடியுலின் என்று பெயர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கொற்றுவோவின் குழு 2018இல் அதை வெளியுலகுக்கு அறிவித்தது.

அதன் உறவினர்கள் எல்லாம் கல்சியம் பிடிப்பவர்கள். அவர்களிடம் 12 அமினோ அமிலங்களாலான ஒரு வளைவு உண்டு. கெண்டை மீனின் தசைப் புரதத்தில் அதைக் கண்ட றொபேட் கிறெற்சிங்கருக்கு, பெருவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டிய கையாக அது தெரிந்தது. 1973இலிருந்து அதைக் 'கை' என்றே அழைக்கிறார்கள். இலான்மொடியுலினுக்கு நான்கு கைகள். ஆனாலும் கல்சியம் வந்தால் அது குலைந்த நூலாகவே கிடக்கும். மூன்று நேரேற்றம் கொண்ட அருமண் அயன் வந்ததும் மடிந்து இறுகிவிடும். அதே இறுக்கம் கல்சியத்தால் வர வேண்டுமென்றால் சுமார் 10 கோடி மடங்கு செறிவு தேவை.

என்னைக் கட்டிப்போட்டது இதன் ஓக் மரத்துச் சொந்தக்காரன். ஓக் மொட்டில் வாழும் இன்னொரு பற்றீரியாவின் இலான்மொடியுலின் பற்றி அதே குழு 2023இல் எழுதியது. அருமண் வரிசையில் நிறை கூடக்கூட அயன் சுருங்கும். நியோடிமியம் 98 என்றால், அதைவிடப் பாரமான டிஸ்புரோசியம் 91. ஏழு பிக்கோமீற்றர் வித்தியாசம்; ஒரு மீற்றரைக் கோடியாக வெட்டி, அதில் ஒரு துண்டை இன்னும் ஒரு இலட்சமாக வெட்டினால் வரும் துண்டுகள் ஏழு. இதை அந்தப் புரதம் எப்படி உணர்கிறது? சூடடித்த வயலில் பெரிய நெல்மூட்டை என்றால் அப்பாவும் சித்தப்பாவும் மூட்டைக்கு அடியால் கைவிட்டு, ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடித்துத் தூக்குவார்கள். சின்ன மூட்டை என்றால் ஒருவரே தோளில் போடுவார். அப்படித்தான் இதுவும். இலந்தனம், நியோடிமியம் போன்ற பெரிய அயனைப் பிடித்தால் இரண்டு புரதங்கள் கைகோத்துச் சோடியாகும். சிறிய டிஸ்புரோசியம் என்றால் பெரும்பாலும் தனித்தே நிற்கும். கைகோக்கும் இடம் ஒன்றில், நூறாவதாக நிற்கும் ஆர்ஜினினை எடுத்து இலைசீனை வைத்துப் பார்த்தார்கள், சோடி தளர்ந்துபோனது. ஒரே ஒரு அமினோ அமிலம்! இந்தப் புரதத்தைச் சிறு மணிகளில் ஒட்டிக் குழாயில் நிரப்பிக் கரைசலை ஒருமுறை விட்டதில், நியோடிமியமும் டிஸ்புரோசியமும் 98 வீதத்துக்கு மேலான தூய்மையோடு பிரிந்து வந்தன. இந்த இரண்டு மூலகங்களையும் நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு: வலுவான காந்தங்களில் இவை சேர்ந்திருக்கும்.

இனி மற்ற அரைப்பங்கு. மொனசைட்டைப் புரதம் உடைக்காது. செறிந்த சல்பூரிக் அமிலமோ சூடான எரிசோடாவோதான் அதை உடைக்கும். கதிர்வீசும் தோரியத்தை வைக்கவும் ஓர் இடம் வேண்டும். புரதம் உதவுவது கரைத்த பிறகு. ஆகவே 'இனி நச்சில்லாமல் மணல் எடுக்கலாம்' என்று யாராவது உங்கள் ஊருக்கு வந்து சொன்னால் நம்பாதே. 1984இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்குப் பிறகு காடு மூடிய வளவுகளுக்குத் திரும்பி வந்த சனங்களிடம் கேட்காமல் அந்தக் கரையில் ஒரு கடகம் மணலும் அள்ளக்கூடாது. புரதத்துக்கு முதல் வேலை தேட வேண்டுமென்றால், குப்பைமேட்டில் நாங்கள் கொளுத்தும் பழைய கைபேசிகளும் ஒலிபெருக்கிகளும் கிடக்கின்றன. அவற்றின் காந்தங்களில் இருக்கும் நியோடிமியத்துக்காக யாருடைய வளவையும் கிண்டத் தேவையில்லை.

அந்த இளஞ்சிவப்பு உயிர்களின் இனத்தார் எங்கள் இலைகளிலும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றை வளர்த்து, வறட்சியில் பயிருக்குத் தெளிக்கும் திரவமாக விவசாயிகளுக்குக் கொடுக்கிறது. நீ பார்க்க விரும்பினால், உன் ஆசிரியரிடம் கேட்டு மெதனோல் சேர்த்த ஏகார்த் தட்டொன்று செய்வித்துக்கொள். மெதனோலை நீ கையாளாதே, அது கண்ணைக் கெடுக்கும். வயலில் ஒரு நெல்லிலையைப் பறித்து, தட்டின் மேல் மெதுவாக அழுத்தி எடுத்துவிட்டு மூடி வை. சில நாளில் இலை படிந்த இடத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். எத்தனை வந்தன என்று எனக்கு எழுது.