பாத்திக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு

மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் செயல்படத் தொடங்கியபின் நம் கெடா வயல்களில் ஆண்டுக்கு இருமுறை நெல் விளைகிறது. ஆனால், நெல்லுக்கு ஏற்ற நீர் முறை காய்கறிக்கு ஒத்துவராது. நெல் தண்ணீரில் நிற்கும். மிளகாயும் வெண்டையும் அப்படி நின்றால் வேர் அழுகிவிடும்.

மெர்கோங்கில் என் சித்தப்பாவின் காய்கறித் தோட்டம்தான் என் படிப்புச் செலவுக்குக் கைகொடுக்கிறது. ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் அவர் கேட்பது ஒன்றுதான்: "இன்னைக்குத் தண்ணி விடவா, நாளைக்கா?"

விடை காண ஒரு கணக்குப் புத்தகம் போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் 1 லிட்டர். வெயில் நாளில் மண்ணும் பயிரும் 5 மில்லிமீட்டர் இழந்தால், 20 சதுர மீட்டர் பாத்தியில் 100 லிட்டர் குறையும். அதைச் செலவாக எழுதுங்கள். மழையை வரவு வையுங்கள். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட பயிர் நீர்த்தேவை வழிகாட்டியும் இந்த அடிப்படையில்தான் கணக்கிடுகிறது.

கீரையின் வேர் மேலோட்டமானது. கொஞ்சமாக, அடிக்கடி பாய்ச்ச வேண்டும். கத்தரியின் வேர் ஆழமானது. இடைவெளி விட்டு நிறையப் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் வாட விடாதீர்கள். பூ உதிர்ந்தால் காய் இல்லை.

மாணவர்களே, உங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மாதம் இப்படி எழுதிப் பாருங்கள். இடையிடையே வேரருகே மண்ணைத் தோண்டிப் பிடித்துப் பார்த்து, உங்கள் கணக்கு சரியா என்று உறுதி செய்யுங்கள்.