விளையாட்டும் ஒளிபரப்பு உரிமையும்



செங்கற்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையில் உள்ள சிற்றூர்களில், பொங்கலை ஒட்டிக் கபடிப் பந்தயங்கள் நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். பந்தயத்திற்குச் சில வாரங்களுக்கு முன்பே இளைஞர்கள் நன்கொடை நோட்டை எடுத்துக்கொண்டு கடைகடையாகச் செல்வார்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஐயாயிரம் ரூபாய் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்தய நாளன்று ஒலிபெருக்கியில் அவர் கடையின் பெயர் பத்து முறை சொல்லப்படும். அவர் பணம் கொடுத்தது கபடியின்மீது கொண்ட அன்பினால் மட்டும் அன்று. ஆடுகளத்தைச் சுற்றி நிற்கும் ஆயிரம் பேருடைய செவிகளை நாடியும் கொடுத்தார். இன்று ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்க்கு விலைபோகும் ஒளிபரப்பு உரிமையின் வித்து அந்த நன்கொடை நோட்டிலேயே இருக்கிறது. அந்த உரிமை எத்தகையது, அதனால் வரும் பணம் எவ்வாறு பங்கிடப்படுகிறது, பங்கீட்டில் பிணக்கு நேர்ந்தால் துன்புறுவோர் யாவர் என்பவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், விற்கப்படுவது எது என்று பார்ப்போம். 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை, 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியை மையமாகக் கொண்டு நடைபெற்றது. ரஷ்யாவில் நடைபெற வேண்டிய அப்போட்டி உக்ரைன் போரினால் இடம் மாறிற்று. தமிழ்நாடு அரசு அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றது. அங்கே ஒருவர் குதிரையை நகர்த்தினார் என்றால், அந்த நகர்வு யாருக்குச் சொந்தம்? ஆடியவருக்கா, நடத்தியவருக்கா, பார்த்தவருக்கா?

இவ்வினா நீதிமன்றம் வரையில் சென்ற வினாவே ஆகும். 2016இல் நியூயார்க் நகரில் உலகச் சதுரங்க வாகையர் போட்டி நடந்தபோது, ஆட்டத்தின் நகர்வுகளைப் பிறர் உடனுக்குடன் வெளியிடக் கூடாது என்று போட்டியை நடத்திய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் அத்தகைய தடையை விதிக்க மறுத்துவிட்டது. நகர்வு என்பது நடந்த செய்தி. செய்தியை யாரும் பூட்டி வைக்க இயலாது என்பதே அதன் கருத்து. நம் நாட்டிலும் கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையைக் கைப்பேசியில் அனுப்புவது பற்றிய வழக்கில், தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2013இல் இதனை ஒத்த முடிவுக்கே வந்தது.

ஆகவே, விற்கப்படுவது ஆட்டமும் அன்று. ஆட்டத்தின் செய்தியும் அன்று. ஆடுகளத்திற்குள் ஒளிப்படக் கருவியையும் ஒலிவாங்கியையும் கொண்டுசென்று, நிகழ்வது நிகழும்போதே அதன் காட்சியையும் குரலையும் மக்களிடம் சேர்ப்பிக்கும் உரிமையே விற்கப்படுகிறது. களத்தின் வாயிலைத் தம் கையில் வைத்திருப்பவர் எவரோ, அவரே அதனை விற்கிறார்.

ஆயின், அக்காட்சி செல்லும் வழி வானம் ஆயிற்றே. வானத்திற்கு உடையவர் யார்? 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் 'ஹீரோ கோப்பை'ப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை ஓர் அயல்நாட்டு நிறுவனத்திற்கு விற்றது. தூர்தர்ஷனுக்கும் சங்கத்திற்கும் இடையே பூசல் மூண்டது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்படி ஒளிபரப்பு அரசின் தனியுரிமை என்று ஒரு சாரார் வாதிட்டனர். உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9ஆம் நாள் தீர்ப்பளித்தது. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து. அரசோ தனியாரோ அவற்றைத் தமக்கே உரியனவாக்கிக்கொள்ளல் ஆகாது. பொதுநலம் நோக்கும் அமைப்பொன்று அவற்றை நெறிப்படுத்த வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நம் நாட்டு ஒளிபரப்பின் வரலாற்றில் அந்நாள் ஒரு திருப்பம் என்று நான் கருதுகிறேன்.

கதவு திறந்தபின் விலை ஏறியதைக் கணக்கிட்டுப் பாருங்கள். இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் ஒளிபரப்பு உரிமை 2008இல் பத்து ஆண்டுகளுக்குச் சற்றேறக்குறைய 100 கோடி டாலருக்கு விலைபோயிற்று. 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு 16,347.5 கோடி ரூபாய் கிடைத்தது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு 48,390 கோடி ரூபாய். அந்த ஏலத்தில் குறித்த 410 ஆட்டங்களால் இத்தொகையை வகுத்தால், ஓர் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 118 கோடி ரூபாய் ஆகிறது.

இப்பணம் கழகங்களுக்கு எவ்வாறு சென்று சேர்கிறது? இங்கேதான் விளையாட்டு மற்ற வாணிகங்களிலிருந்து வேறுபடுகிறது. ஒரு துணிக்கடைக்காரர் எதிர்க்கடை மூடப்பட்டால் மகிழக்கூடும். கால்பந்துக் கழகமோ எதிரணி இல்லாவிட்டால் ஆடவே முடியாது. எதிரணி மிக நலிந்திருந்தாலும் ஆட்டம் சுவைக்காது. பகைவனும் வாழ வேண்டும் என்னும் விந்தையான வாணிகம் இது! ஆதலின், பல கழகங்கள் சேர்ந்து உரிமையை ஒன்றாக விற்று, வருவாயைப் பொதுத் தொகுப்பில் இட்டுப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1992இல் தோன்றிய இங்கிலாந்தின் பிரீமியர் லீக், உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதியைச் சமமாகவும், கால் பங்கைப் பட்டியலில் பெற்ற இடத்திற்கு ஏற்பவும், கால் பங்கை ஒளிபரப்பான ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவும் பங்கிட்டது. சமத்துவம், திறமை, மக்கள் விருப்பம் ஆகிய மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க முயன்ற ஏற்பாடு அது.

பங்கீடு பிழைபட்டால் வரும் கேட்டை ரக்பி லீக் என்னும் ஆட்டத்தின் வரலாறு காட்டுகிறது. அணிக்குப் பதின்மூவர் ஆடும் இவ்வாட்டம் பிறந்ததே பணத்தைப் பற்றிய பிணக்கில்தான். வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆடச் சென்றால் அன்றைய கூலியை இழந்தார்கள். அந்த இழப்பை ஈடு செய்யலாம் என்று வடபுலக் கழகங்கள் கூறின. ஆட்டத்தின் தலைவர்கள் மறுத்தனர். 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய கழகங்கள் பிரிந்து சென்றன.

நூறு ஆண்டுகள் கழிந்தன. 1995இல் ரூபர்ட் மர்டாக்கின் ஒளிபரப்பு நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு 8 கோடியே 70 லட்சம் பவுன் தருவதாகக் கூறியது. குளிர்காலத்து ஆட்டம் கோடைக்காலத்திற்கு மாறியது. பழம்பெரும் கழகங்கள் சிலவற்றை ஒன்றாக இணைப்பது என்றும் பேசினர். ஊர் மக்கள் கொதித்தெழவே அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவிலோ இரு பெருஞ்செல்வர்களின் போட்டியால் ஆட்டமே இரண்டாகப் பிளந்தது. 1997இல் இரு தனித்தனிப் பந்தயத் தொடர்கள் நடந்தன. மறு ஆண்டு இரண்டும் ஒன்றாயின. ஆனால் கழகங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றனர். 1908இல் தொடங்கிய சவுத் சிட்னி கழகம் 1999ஆம் ஆண்டோடு வெளியேற்றப்பட்டது. உழைக்கும் மக்களின் கழகம் அது. மக்கள் தெருவில் ஊர்வலம் சென்றார்கள், கழகம் வழக்காடியது, 2002இல் மீண்டும் களத்திற்கு வந்தது, 2014இல் வாகையும் சூடியது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட எண்ணைவிட ஊராரின் பற்று வலியது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வாணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி.–ரிலையன்சு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதன் பயனாக 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. நம் சென்னையின் எஃப்.சி. கழகமும் அப்போதே தோன்றி, 2015இலும் 2017–18ஆம் பருவத்திலும் வாகை சூடியது. பேருந்து நிறுத்தங்கள்தோறும் நீலச் சட்டை அணிந்த சிறுவர்களைக் காணும் காலமும் வந்தது.

ஆயினும் ஒப்பந்தத்திற்கு ஓர் இறுதி நாள் இருந்தது. 2025 டிசம்பர் 8 அன்று அது முடிவுறும். சம்மேளனத்தின் அமைப்பு விதிகளைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தமையால், அதற்கு முன்பே புதிய ஒப்பந்தம் செய்ய வழியில்லாமற் போயிற்று. பருவத்தின் நடுவே ஒப்பந்தம் முடியும் என்றால், வரும் வருவாய் யாருக்கு உரியது? செலவை ஏற்பவர் யார்? விடை தெரியாமையால், லீகை நடத்திய நிறுவனம் 2025 ஜூலையில் அப்பருவத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆகஸ்டு மாதத்தில் பெங்களூர்க் கழகம் முதல் அணியினருக்கான ஊதியத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் கழகமும் தன் பணிகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதே ஆண்டின் இறுதியில் சம்மேளனம் உரிமைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒருவரும் விலை கேட்க முன்வரவில்லை. 2026 ஜனவரியில் மத்திய அரசு தலையிட்டு, பிப்ரவரி 14 முதல் 14 கழகங்களுடன் சுருக்கமான பருவம் நடைபெறும் என்று அறிவித்தது. முந்திய பருவத்தின் முதற்சுற்றில் ஒரு கழகத்திற்கு 24 ஆட்டங்கள் இருந்தன; சுருங்கிய பருவத்தில் 13 ஆட்டங்களே வகுக்கப்பட்டன.

இதில் துன்புற்றவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். கழக உரிமையாளர்களுக்கு வேறு தொழில்கள் உண்டு. ஒளிபரப்பு நிறுவனத்திற்கு வேறு நிகழ்ச்சிகள் உண்டு. கால்பந்து வீரனின் ஆட்ட வாழ்வோ பத்துப் பதினைந்து ஆண்டுகளே. அதில் ஒரு பருவம் போயிற்றென்றால் அதனை எந்த வழக்கும் திருப்பித் தராது. கட்டுப் போடுபவர், புல்தரையைப் பேணுபவர், சட்டை வெளுப்பவர் ஆகியோரும் அவ்வூதியத்தையே நம்பியிருப்பவர்கள்.

மாமல்லபுரத்திற்குச் செல்பவர்கள் ஐந்து ரதங்களைக் கூர்ந்து நோக்கினால், வேலை முற்றுப்பெறாத பகுதிகளைக் காணலாம். உளி பாதியில் நின்றதன் காரணத்தை ஆராய்ச்சியாளர்கள் பலவாறு கூறுவர். ஆனால் ஒன்று உறுதி: ஒரே புரவலரின் ஆதரவில் நடக்கும் பணி, அவ்வாதரவு நின்ற அன்றே நின்றுவிடும் இயல்புடையது. கலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை விளையாட்டுக்கும் பொருந்தும். நம் கடற்கரைக் கபடிப் பந்தயம் ஆண்டுதோறும் தவறாது நடைபெறுவது ஏன்? நன்கொடை நோட்டில் ஒரு பெயர் மட்டும் இல்லை. ஐம்பது ரூபாய் கொடுத்த மீனவர் முதல் ஐயாயிரம் கொடுத்த கடைக்காரர் வரையில் நூறு பெயர்கள் இருக்கின்றன. ஒருவர் கைவிரித்தாலும் தொண்ணூற்றொன்பது பேர் எஞ்சியிருக்கிறார்கள்.

பெருங்கழகங்கள் நன்கொடை நோட்டைக் கொண்டு நடக்க இயலாது என்பதை நான் அறிவேன். ஆனால் நுழைவுச்சீட்டு, உறுப்பினர் கட்டணம், இளைஞர் பயிற்சிப் பள்ளி, உள்ளூர் வணிகர் ஆதரவு என்று பல ஊற்றுகளிலிருந்து நீர் வர வேண்டும். ஒளிபரப்புப் பணம் பெருமழை போன்றது. பெய்யும்போது ஏரியில் தேக்க வேண்டுமேயன்றி, அதனையே நம்பிக் கிணற்றைத் தூர்த்துவிடக் கூடாது. செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. இதனை உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பார்ப்பவர்களாகிய பொதுமக்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நாட்டிற்கு முக்கியமானவை என்று அறிவிக்கப்பட்ட ஆட்டங்களை, உரிமை பெற்றவர்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதனால் வரும் விளம்பர வருவாயில், தொலைக்காட்சியாயின் உரிமையாளருக்கு 75 பங்குக்குக் குறையாமலும், வானொலியாயின் 50 பங்குக்குக் குறையாமலும் தர வேண்டும். கட்டணம் செலுத்த இயலாத குடிசையிலும் ஆட்டத்தின் குரல் ஒலிப்பதற்கு இச்சட்டம் துணை நிற்கிறது. வான் அலை மக்களின் சொத்து என்ற 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒளி இதிலும் வீசுகிறது.

இனி நாளிதழில் "இத்தனை கோடிக்கு உரிமை விற்பனை" என்னும் செய்தியைப் படிக்கும்போது, தொகையைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு? முடிவு நாள் பருவத்தின் நடுவில் வருகிறதா? கழகங்களுக்கும் வீரர்களுக்கும் கிடைக்கும் பங்கு எவ்வளவு? பணம் கொடுப்பவர் விலகினால் மறுநாள் ஊதியம் கொடுப்பவர் யார்? இந்நான்கு வினாக்களையும் கேளுங்கள். உங்களுள் சிலர் நாளை வீரர்களாகலாம், சிலர் வழக்கறிஞர்களாகலாம், சிலர் கழகங்களின் கணக்கை எழுதலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள் உங்களுக்கு வரும்போது, களத்தில் வியர்வை சிந்துபவரின் பெயர் அதன் எந்த வரியில் இருக்கிறது என்று முதலில் தேடிப் பாருங்கள்.