உங்களுக்குத் தெரியுமா? தமிழ்ப் பெயரோடு ஒட்டிய ‘ஜாவர்’

பிரெஞ்சு மகாகவி விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட ‘லே மிசரபிள்’ என்னும் மாபெரும் நாவலை, சிவகங்கையில் 1897-இல் பிறந்த கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கினார். அப்பெயரிலேயே 1950-இல் பட்சிராஜா நிறுவனத்தார் எடுத்த திரைப்படத்தில், ஜாவர் என்னும் இரக்கமற்ற போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், அதன்பின் ‘ஜாவர்’ சீதாராமன் என்றே பிரசித்தி பெற்றார்.

தம் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனைக் காட்டிக்கொடாது, வெள்ளி விளக்குத் தண்டுகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய அந்நாவலின் பாதிரியாருடைய கருணை, முல்லைக்குத் தேரீந்த பாரியின் பறம்பாகிய பிரான்மலைக்கு அணித்தேயுள்ள கொட்டாம்பட்டி வாசகருக்கு அந்நியமாகத் தோன்றுமோ? தோன்றாது. தேசமும் பாஷையும் வேறாயினும் மனித ஹிருதயம் ஒன்றே. ஆதலால், அன்பர்களே, நூலகத்துக்குச் செல்லும்போது, அறியாத தேசத்துப் பேரிலக்கியம் ஒன்றையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.