நோயும் நோயுணர்வும்: வாழிட வறுமை பற்றிய ஒரு நோக்கு

"உமது உடல்நலம் எவ்வாறுள்ளது?" என்னும் வினா மிக எளியது. நன்று, சுமார், மோசம் என்னும் விடைகளும் எளியனவே. ஆயினும் சுகாதார ஆய்வாளர் இவ்விடைகளைப் புறக்கணிப்பதில்லை. இட்லர், பென்யாமினி ஆகிய இருவரும் 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 1997 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தமது நலம் மோசமானதெனக் கூறியோரிடையே பின்னர் மரணம் மிகுதியாக நிகழ்ந்தமை அவற்றுட் பெரும்பாலானவற்றில் புலப்பட்டது. எனவே மக்களின் சுயமதிப்பீடு வெறும் மனப்பிரமையன்று. அதேவேளை, அது தனிமனித மனத்தில் மட்டும் பிறப்பதுமன்று. வாழிடமும் வைத்திய வசதியும் அதனை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதே நாம் ஈண்டு ஆராயும் பொருளாகும்.

முதலிற் பிரித்தானியாவை நோக்குவோம். பீற்றர் ரவுன்சென்டும் அவருடைய சகாக்களும் வட இங்கிலாந்தை ஆராய்ந்து 1988 இல் வெளியிட்ட நூலில், ஒரு பிரதேசத்தின் வறுமையை வேலையின்மை, வீட்டு நெரிசல், சொந்த வீடின்மை, மோட்டார் வாகனமின்மை ஆகிய நான்கினாலும் அளந்தனர். 1991 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, அன்றாட வாழ்வைக் கட்டுப்படுத்தும் நீண்டகால நோய் உண்டா என மக்களிடம் வினவியது. தென் வேல்சின் பழைய நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் 'உண்டு' என்றோர் பெருந்தொகையினராயிருந்தனர். அத்தகைய சுரங்கக் கிராமமொன்றிற் பணியாற்றிய வைத்தியர் யூலியன் ரியூடர் ஹார்ட், நல்ல வைத்திய சேவை தேவை மிகுந்த இடத்திலேயே குறைந்து கிடைக்கிறது என்பதை 1971 இலேயே 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' எனச் சுட்டினார். சந்தைச் சக்திகளுக்கு ஆட்பட்ட அளவிற்கு இவ்விதி வலுப்பெறும் என்பது அவர் கருத்தாகும்.

இதுவரை கூறியவற்றால், வறிய பகுதியினர் எப்போதும் மிகுதியாக முறையிடுவர் என எவரும் முடிவு கட்டலாம். ஆனால் இந்தியச் சான்றுகள் அம்முடிவுக்கு மாறானவை. அதிக ஆயுளையும் பரந்த வைத்திய வசதியையும் கொண்ட கேரள மக்கள் நோயை மிகுதியாகக் கூறினர். அவ்விரண்டிலும் பின்தங்கிய பீகார் மக்கள் குறைவாகவே கூறினர். அமர்த்தியா சென் 2002 இல் இம்முரணை விளக்கினார். அவர் எடுத்துக்காட்டிய பழைய ஆய்வொன்று இன்னும் துயரமானது. வங்காளப் பஞ்சத்திற்கு மறு ஆண்டான 1944 இல் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூரில் நடந்த அவ்வாய்வில், மனைவியை இழந்த ஆடவருள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் தம் உடல்நலம் சீராக இல்லை என்றனர். கைம்பெண்களுள் அவ்வாறு கூறியோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அப்பெண்கள் ஆடவரிலும் நலமாயிருந்தனர் என இதற்குப் பொருள் கொள்ளலாமா?

இம்முரண் தோற்றமேயன்றி உண்மையன்று. வறுமை உடலை நலிவிக்கிறது. அந்நலிவுக்கு நோய் எனப் பெயரிடும் ஆற்றலையோ கல்வியும் வைத்தியரின் அண்மையும் வழங்குகின்றன. வைத்தியசாலைக்குச் செல்லக்கூடியவனுக்கு இருமல் நோயாகிறது. செல்ல இயலாதவனுக்கு அது வாழ்வின் இயல்பாகிவிடுகிறது. அயலவர் அனைவரும் இருமும்போது ஒப்பிடுவதற்கு நலமான உடலும் இல்லை.

இவ்வுண்மை நமது மலையகத்திற்கும் பொருந்துவதாகும். அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச சிகிச்சை 1951 இல் நடைமுறைக்கு வந்தபோதிலும், தோட்ட மக்களின் வைத்தியம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களிலேதான் வேகம் பெற்றது. லயக் காம்பராவில் வாழ்ந்து நாட்சம்பளத்திற்குக் கொழுந்து பறிக்கும் பெண், தூரத்து வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய 'பேரை' இழக்கிறாள். பேருந்துக் கட்டணம் வேறு. ஆதலால் முதுகுவலியும் சோகையின் களைப்பும் வேலையோடு வந்தவை என அவள் அமைதி கொள்வது வியப்பன்று. அவளிடம் நலம் வினவினால் 'பரவாயில்லை' என்னும் விடை வரக்கூடும்.

அவ்விடையை மட்டும் நம்பி வைத்தியர்களையும் மருந்தையும் பங்கிடுவோமாயின், மௌனமாயிருப்போர் தம் மௌனத்திற்காகவே தண்டிக்கப்படுவர். ஆகவே நலம் பற்றிய வினாவோடு, வைத்தியசாலை எவ்வளவு தூரம், சென்றால் எவ்வளவு கூலி இழப்பு என்பனவும் கேட்கப்படல் வேண்டும். எடையும் குருதியும் அளக்கப்படல் வேண்டும். வசதி பெருகும் இடத்தில் முறைப்பாடும் பெருகினால் அதனைச் சேவையின் தோல்வியெனக் கொள்ளலாகாது. அதுகாறும் பொறுத்திருந்த நோய் பேசத் தொடங்கியதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.